அன்ரனாவும் ஸ்ட்ரீமிங் கருவியும் ஒரே பெட்டியில்: கோளாறைக் கண்டு திருத்தும் வழி

இலங்கையின் வடக்கே, வன்னியில் இப்போது பல வீடுகளில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டிக்கு இரண்டு வழிகளால் படம் வருகிறது. ஒன்று, கூரைக்கு மேலே குழாயில் நிற்கும் அன்ரனாவிலிருந்து இறங்கும் கேபிள். மற்றையது, பெட்டியின் பின்புறத்து எச்.டி.எம்.ஐ துளையில் செருகியிருக்கும், இணையத்துப் படத்தைக் காட்டும் ஸ்ட்ரீமிங் கருவி. பெரியவர்களுக்கு ரூபவாஹினி, வசந்தம், சக்தி அலைவரிசைகள்; பிள்ளைகளுக்கு யூடியூப். இரண்டும் ஒழுங்காக இருக்கும்வரை ஒருவரும் பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்ப்பதில்லை. ஒன்று பிழைத்ததும் பெரும்பாலும் மற்றதிலேதான் கை வைக்கிறார்கள். கருவியில் படம் வரவில்லை என்று கூரையேறி அன்ரனாவைத் திருப்பியவரை எனக்குத் தெரியும். அன்றிரவு அந்த வீட்டில் இரண்டு வழியும் அடைபட்டிருந்தன.

ஆகையால் எதையும் கழற்றுவதற்கு முன்னர், கோளாறு எந்த வழியில் வருகிறது என்பதை முடிவுசெய்ய வேண்டும். இதற்குக் கண்ணே போதும். இலங்கையில் அன்ரனாவுக்கு வரும் ஒளிபரப்பு, ஜப்பானிய டிஜிட்டல் முறைக்கு மாறுவதென்று 2014 இல் முடிவெடுக்கப்பட்ட பின்னரும், பழைய அனலொக் முறையிலேயே தொடர்ந்து வந்திருக்கிறது. அனலொக் படம் சிறிது சிறிதாகவே பழுதடையும்: முதலில் புள்ளிமழை, பிறகு நிறம் மங்குதல், கடைசியில் இரைச்சல். ஸ்ட்ரீமிங் படம் அப்படி மங்குவதில்லை. அது கட்டங்கட்டமாக உடையும், வட்டம் சுற்றும், அல்லது நின்றுவிடும். திரையில் புள்ளிமழை பெய்தால் இணையத்தைக் குறை சொல்ல வேண்டாம். வட்டம் சுற்றினால் அன்ரனாவைக் குறை சொல்ல வேண்டாம்.

அன்ரனாவில் படம் உண்டு. கருவியில் ‘சிக்னல் இல்லை’ என்று மட்டும் வருகிறது

ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்று எழுதிய பொத்தானை அழுத்தி, கருவி செருகியிருக்கும் துளையின் எண்ணைத் தெரிவுசெய்ய வேண்டும். துளைகளின் எண்கள் பெட்டியின் பின்னால் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். கைபேசி வெளிச்சத்தைப் பிடித்து வாசிக்கலாம். எண் சரியாக இருந்தும் படம் இல்லையென்றால், கருவியைக் கழற்றி மறு துளையில் அழுத்திச் செருகிப் பாருங்கள். சுவரோடு ஒட்டி மாட்டிய பெட்டிகளில் கருவி முழுமையாக உள்ளே போகாமல் சுவரில் முட்டி நிற்பது வழக்கம். கருவியோடு அதன் அட்டைப்பெட்டிக்குள் வரும் குட்டையான நீட்டிப்பு வயரைப் பலர் தேவையற்றதென்று மேசை இலாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். அதைத் தேடியெடுத்துப் பயன்படுத்துங்கள். வைஃபை பலவீனத்திற்கும் அதுவே முதல் மருந்து என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கருவி தானாக அணைந்து எழும்புகிறது, அல்லது பெயர்ச்சின்னத்தோடு நின்றுவிடுகிறது

இது மின்சாரக் குறைபாடு. கருவிக்கு உரிய அடப்டரைச் சுவர் பிளக்கில் போடாமல், பெட்டியின் யூ.எஸ்.பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்திருப்பீர்கள். பழைய முறையிலான யூ.எஸ்.பி துளை 5 வோல்ட்டில் அரை அம்பியரைத்தான் தர வேண்டிய கடப்பாடு உடையது. கருவிகளுக்கோ பெரும்பாலும் ஓர் அம்பியர், 4கே வகைக்கு அதற்கும் மேல், தேவைப்படும். முகப்புத் திரை ஓடுமளவுக்கு மின்சாரம் போதும். படம் தொடங்கி வைஃபையும் சிப்பும் சேர்ந்து உழைக்கும்போதுதான் பற்றாக்குறை தெரியவரும். அதனால்தான் பலர் ‘யூடியூப்தான் பிழை’ என்று நம்புகிறார்கள்.

கருவியோடு வந்த அடப்டரையும் அதோடு வந்த வயரையுமே பயன்படுத்துங்கள். கைபேசி ஏற்றும் மெலிந்த நீண்ட வயர்கள் வழியிலேயே வோல்ட்டைத் தின்றுவிடும். மின்கம்பத்திலிருந்து வெகுதூரம் வயர் இழுத்த வீடுகளில், எல்லோரும் மின்விளக்கும் தண்ணீர் மோட்டரும் போடும் மாலை வேளையில் 230 வோல்ட் என்பது பெயரளவில்தான் இருக்கும். நல்ல அடப்டர் அந்தச் சரிவைத் தாங்கும். மலிவான அடப்டர் தாங்காது. மாலையில் மட்டும் கருவி அணைந்து எழும்புமானால் முதலில் அடப்டரை மாற்றிப் பாருங்கள்.

கருவியைப் போட்டால் மட்டும் அன்ரனாப் படத்தில் கோடு விழுகிறது

இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே வரும் கோளாறு இது. இதை விளங்கிக்கொண்டவர்களும் குறைவு. கருவி வாங்கும்வரை தெளிவாக இருந்த ஓர் அலைவரிசையில் திடீரென்று சாய்ந்த கோடுகளோ, மீன்முள் போன்ற வரிகளோ, நகரும் புள்ளிப் பட்டையோ தோன்றும்; மற்ற அலைவரிசைகள் சுத்தமாக இருக்கும். வீட்டார் ஒளிபரப்பு நிலையத்தையே சந்தேகிப்பார்கள்.

சோதனை எளிது. அன்ரனா அலைவரிசையை ஓடவிட்டு, ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் முதலில் கருவியின் அடப்டரைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். கோடு அந்தக் கணமே மறைந்தால் குற்றவாளி அந்தப் பக்கத்தில்தான். பிறகு அடப்டரை மீண்டும் போட்டு, கருவியை மட்டும் எச்.டி.எம்.ஐ துளையிலிருந்து இழுத்துப் பாருங்கள். கோடு இன்னும் இருந்தால் பெரும்பாலும் அடப்டர்தான் இரைகிறது, அதாவது காதுக்குக் கேட்காத வானலை இரைச்சலைக் கிளப்புகிறது. மறைந்தால் கருவியோ எச்.டி.எம்.ஐ இணைப்போ இரைகிறது.

அடப்டர் இரைந்தால் அதை, அன்ரனாவின் அலையைப் பெருக்கும் பூஸ்டர் செருகிய அதே பிளக் பலகையிலிருந்து எடுத்து அறையின் வேறு பிளக்கில் போடுங்கள். அப்படியும் தீராவிட்டால் தரமான வேறொன்றை வாங்குங்கள். நாங்கள் அலட்சியமாகக் கையாளும் இந்தச் சிறு பொருள், ஒரு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பது; உள்ளே வடிகட்டியை மிச்சம்பிடித்துச் செய்திருந்தால் அது ஒரு சிறிய இரைச்சல் நிலையமாகவே ஆகிவிடும்.

எச்.டி.எம்.ஐ பக்கம் இரைவது இன்னும் சுவையான விடயம். கருவி 720 வரிப் படத்தை அனுப்பும்போது அந்த இணைப்பின் அடிப்படைத் துடிப்பு 74.25 மெகாஹேர்ட்ஸ் ஆக இருக்கும். இத்தகைய துடிப்பு தன் மடங்குகளிலும் இரைச்சல் எழுப்பும். அதன் மூன்று மடங்கு 222.75. தொலைக்காட்சிக்குரிய நீண்ட அலைகளான வீ.எச்.எவ் ஒளிபரப்பின் மேற்பட்டை 174 முதல் 230 மெகாஹேர்ட்ஸ் வரை என்பதால், அந்த மூன்றாம் மடங்கு அப்பட்டைக்குள்ளேயே, 216 முதல் 223 வரையான 11 ஆம் அலைவரிசையின் மேல் ஓரத்தில், வந்து விழுகிறது. கருவியின் அமைப்புகளில் படத்தின் அளவை 1080 இற்கு மாற்றினால் துடிப்பு 148.5 ஆகிவிடும், அதன் மடங்குகள் வேறிடத்தில் விழும். செலவில்லாத இந்த மாற்றத்தைச் செய்து பாருங்கள். வேறோர் அலைவரிசையில் கோடு தோன்றவும் கூடும் என்பதால், மாற்றிய பின் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் உண்மையான ஓட்டை பெரும்பாலும் அன்ரனாக் கேபிளில்தான் இருக்கும். நல்ல கேபிளுக்குள் பின்னல் வலை செறிவாக இருக்கும். அது வெளி இரைச்சலை உள்ளே விடாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேபிளின் தோலை உரித்துப் பார்த்தால், வலை என்ற பெயரில் எட்டுப் பத்து இழைகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். பழைய தட்டை வயருக்கோ வலையே கிடையாது. ஆர்.ஜி-6 என்று அச்சிட்ட கேபிளைத் துண்டில்லாமல் அன்ரனாவிலிருந்து பெட்டிவரை ஒரே ஓட்டமாக இழுத்து, பெட்டியின் பின்னால் கருவிக்கும் எச்.டி.எம்.ஐ வயருக்கும் ஒரு சாண் விலகி இறக்குங்கள். பிளக்கின் உள்ளே வலையின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. நான் இதுவரை கண்ட கோடுகளில் பெரும்பகுதி, புதுக் கேபிளும் ஒழுங்காகப் பூட்டிய பிளக்கும் போட்டதும் போய்விட்டவை.

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்ரனாப் படம் மங்கல்

கருவியைக் குறை சொல்லாமல் மேலே பாருங்கள். ஏ-9 வீதியோரம் மாங்குளத்திற்கும் கிளிநொச்சிக்கும் இடையில் நிற்கும் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 174 மீற்றர் உயரமானது. 2011 இல் திறக்கப்பட்டது. வன்னி நிலம் தட்டையானது என்பதால், முப்பது அடிக் குழாயில் நிற்கும் அன்ரனாவுக்கு அந்த உயரத்திலிருந்து வரும் அலை, கணக்கின்படி ஏறத்தாழ 65 கிலோமீற்றர் வரை நேராக எட்ட வேண்டும். கிளிநொச்சி நகரத்தார் அன்ரனாவைத் தெற்கேயும், முல்லைத்தீவுக் கரையோரத்தார் மேற்கேயும், வவுனியாவிலிருப்போர் வடக்கேயும் திருப்ப வேண்டியது அதனால்தான். எல்லா அலைவரிசைகளும் ஒரே கோபுரத்திலிருந்து வருவதில்லை. தெளிவாகப் படம் பிடிக்கும் அயல் வீட்டின் அன்ரனா எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேட்டறிவது எந்தக் கணக்கையும்விட மேல். மன்னார்க் கரையில் இராமேஸ்வரக் கோபுரத்தை நோக்கிய பழைய அன்ரனாக்கள் இன்னும் சில நிற்கின்றன. இந்தியா அனலொக் ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டபடியால் அவற்றை இந்தப் பக்கம் திருப்புவதே பயன்.

ஒரு புயற்காலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படம் மங்கியது. குழாயைப் பிடித்திருந்த ‘யூ’ பூட்டு இளகி, அன்ரனா ஒரு கைப்பிடியளவு திரும்பியிருந்தது. அதைச் சரிசெய்தும் படம் தெளியவில்லை. இறக்கிப் பார்த்தபோது, கேபிள் வந்து சேரும் கறுப்புச் சதுரப் பெட்டியின் மூடி வெடித்திருந்தது. உள்ளே பல்லிமுட்டை இரண்டு. திருகாணி பச்சை பூத்துப் பொடிந்திருந்தது. கேபிளின் செப்புவலை கறுத்து, விரலால் தேய்த்தால் தூளாகக் கொட்டியது. அரை அடி கேபிளை வெட்டி எறிந்து, புதிய முனையை உரித்துப் பூட்டி, மூடிக்கு மேல் ரப்பர் ரேப் சுற்றி, கேபிள் ஓரிடத்தில் கீழ்நோக்கி வளைந்து தண்ணீர் சொட்டும்படி கட்டிவிட்டேன். அந்த வளைவு இல்லையென்றால் மாரி மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே பெட்டிக்குள் இறங்கும்.

அன்ரனாவின் கோல்களையும் எண்ணிப் பாருங்கள். வீ.எச்.எவ் அலையைப் பிடிக்கும் கோல் ஏறத்தாழ முக்கால் மீற்றர் நீளமாகவும், குறுகிய அலையான யூ.எச்.எவ்வைப் பிடிக்கும் கோல் ஓர் அடிக்குள் அடங்குவதாகவும் இருக்கும். குரங்குகள் தொங்கி விளையாடும் ஊர்களில் நீளக் கோல்கள் முதலில் வளையும். அப்போது சில அலைவரிசைகள் மட்டும் மங்கும். படத்துக்கு அருகில் அதே படத்தின் நிழல் தெரிந்தால், அலை நேராக வருவதோடு ஏதோ ஒன்றில் பட்டுத் தெறித்தும் வருகிறது என்று பொருள். அன்ரனாவைச் சில அடி நகர்த்துவதே வழி, பூஸ்டர் போட்டால் நிழலும் சேர்ந்து பெருகும்.

பூஸ்டர் உள்ள வீட்டில் இரண்டாவது பெட்டிக்காகப் பிரிப்பான் போட்ட நாளிலிருந்து படம் போயிற்று என்றால், கூரையிலுள்ள பூஸ்டருக்கு அதே கேபிள் வழியாக ஏறும் மின்சாரத்தைப் பிரிப்பான் மறித்துக்கொண்டிருக்கிறது. பூஸ்டரின் மின்பெட்டியைப் பிரிப்பானுக்கு முன்னால், அன்ரனாப் பக்கமாக, மாற்றிப் பூட்டுங்கள்.

படம் நன்று, சத்தம் இல்லை, அல்லது வெறும் இரைச்சல்

வெளிநாட்டுச் சொந்தங்கள் தந்துவிட்டுப் போன பெட்டிகளில் இது வரும். இலங்கை ஒளிபரப்பில் ஒலி, படத்திலிருந்து 5.5 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வருகிறது. பிரித்தானிய முறையில் அது 6 ஆகவும், கிழக்கு ஐரோப்பிய முறையில் 6.5 ஆகவும் இருந்தது. அலைவரிசை அமைப்பில் ‘சவுண்ட் சிஸ்டம்’ என்ற இடத்தில் ‘பி/ஜி’ என்பதைத் தெரிவுசெய்து சேமித்தால் சத்தம் வந்துவிடும். ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனித்தனியே மாற்ற வேண்டியிருக்கலாம்.

புதிய ஸ்மார்ட் பெட்டியில் அன்ரனா அலைவரிசை எதுவுமே அகப்படவில்லை

தேடலைத் தொடங்கும்போது பெட்டி ‘டிஜிட்டல்’ என்பதைத் தானே தெரிவுசெய்திருக்கும். ‘அனலொக்’ என்று மாற்றித் தேடவிடுங்கள். அப்படி ஒரு தெரிவே இல்லையென்றால் அந்தப் பெட்டிக்குள் அனலொக் அலையைப் பிடிக்கும் ரியூனர் இல்லை. வாங்குவதற்கு முன் கடையில் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான்.

செய்தி பார்த்துக்கொண்டிருக்கையில் பெட்டி தானாகக் கருவிக்குத் தாவுகிறது

பேய் பிடிக்கவில்லை. எச்.டி.எம்.ஐ வழியாகக் கருவி பெட்டிக்குக் கட்டளை கொடுக்கும் வசதி ஒன்று உண்டு. கருவி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு விழிக்கும்போதோ, பிள்ளையொருவர் அறையிலிருந்து கைபேசியில் ‘காஸ்ட்’ பொத்தானைத் தட்டும்போதோ, பெட்டி அதன் பக்கம் திரும்பிவிடும். இதன் பொதுப்பெயர் சி.ஈ.சி, சாம்சுங் பெட்டியில் அனிநெட் பிளஸ், எல்.ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று எழுதியிருக்கும். அதை அணைத்துவிடலாம், அணைத்தால் கருவியின் ரிமோட்டால் பெட்டியை எழுப்ப முடியாமற் போகலாம். வீட்டில் அம்மம்மா ஒருவர் இருந்தால் அணைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

வட்டம் சுற்றுகிறது

வன்னியில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் 4ஜி ரவுட்டராலோ கைபேசியின் ஹொட்ஸ்பொட்டாலோ வருகிறது. இங்கே இரண்டு காற்றுவழிகள் உள்ளன: கோபுரத்திலிருந்து ரவுட்டர்வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து கருவிவரை மற்றொன்று. கைபேசியை ரவுட்டருக்கு அருகில் பிடித்து அதே வைஃபையில் அதே படத்தை ஓட்டுங்கள். அங்கேயும் சுற்றினால் முதல் வழி பிழை; அங்கே ஓடிக் கருவியில் மட்டும் சுற்றினால் இரண்டாவது பிழை.

முதல் வழிக்கு, ரவுட்டரைக் கோபுரப் பக்கத்து யன்னலோரமாக உயர்த்தி வையுங்கள். தகரக் கூரையும் தகரச் சுவரும் அலையை மறிக்கும். கூரைக்கு நேர் கீழே, அலுமாரியின் மேல் வைப்பதால் நன்மையில்லை. இரண்டாவது வழிக்கு, நான் முன்னர் சொன்ன நீட்டிப்பு வயரால் கருவியைப் பெட்டியின் முதுகிலிருந்து வெளியே தொங்கவிடுங்கள். உலோகத் தகட்டின் மறைவிலிருந்து அது வெளிவந்தாலே போதுமானதாக இருக்கும். சீமெந்துக் கல்லுச் சுவர்கள் இரண்டைத் தாண்ட வேண்டியிருந்தால் 5 கிகாஹேர்ட்ஸை விட்டு 2.4 இற்கு மாறுங்கள். வேகம் குறைந்தாலும் அது தூரம் போகும்.

1080 வரிப் படத்துக்குச் செக்கனுக்கு 5 மெகாபிட் அளவும், 720 இற்கு 3 மெகாபிட் அளவும் வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஊரே இணையத்தில் ஏறும்போது அது கிடைக்காவிட்டால், தரத்தை 480 இற்கு இறக்குவதே நடைமுறைக்கு உகந்தது. உயர்தரப் படம் மணிக்கு 3 ஜிபி வரை டேட்டாவைத் தின்னும் என்பதையும் மாதக் கடைசியில் நினைத்துக்கொள்ளுங்கள். டேட்டா தீர்ந்ததற்கும் கோளாறுக்கும் அறிகுறி ஒன்றே.

பழைய குண்டுப் பெட்டியில் கருவி கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது

எச்.டி.எம்.ஐ இல்லாத பெட்டிக்கு, மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களுக்கு மாற்றும் சிறு பெட்டியொன்று வேண்டும். அதன் பக்கவாட்டில் ‘பால்’ (PAL), ‘என்.ரி.எஸ்.சி’ (NTSC) என்ற நிற முறைகளுக்கு இரண்டு நிலைகள் கொண்ட, நெல்மணியளவான சுவிச் ஒன்று இருக்கும். ஈர்க்கு நுனியால் அதைப் ‘பால்’ பக்கம் தள்ளினால் நிறம் திரும்பிவிடும். முகப்புத் திரை தெரிந்து படம் மட்டும் கறுப்பாக இருந்தால், அந்த மாற்றி திரைப்படங்களை நகலெடுக்கவிடாமல் தடுக்கும் பூட்டைக் கையாளாத வகை. அதற்குத் திருத்தமில்லை, வேறு மாற்றிதான் வாங்க வேண்டும்.

இடிமழைக்குப் பிறகு எச்.டி.எம்.ஐ துளைகள் செத்துவிட்டன. மற்றதெல்லாம் வேலை செய்கிறது

அருகில் விழுந்த மின்னலின் தாக்கம் கேபிள் வழியாக உள்ளே வந்து, மிக மென்மையான பகுதியைச் சுட்டுவிட்டது. மற்றத் துளைகளையும், ஏ.வி துளையையும் சோதித்துப் பாருங்கள். சில வேளைகளில் ஒன்று தப்பியிருக்கும். எல்லாம் போயிருந்தால் பெட்டிக்குள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையை மாற்றும் செலவைக் கேட்டறிந்து முடிவெடுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் வானம் கறுக்கத் தொடங்கும்போதே, முதல் இடி கேட்பதற்கு முன்னர், அன்ரனாக் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிச் சுவர்ப்பக்கம் தள்ளிப் போட்டு, பெட்டி, பூஸ்டர், கருவி மூன்றின் பிளக்குகளையும் இழுத்துவிட வேண்டும். சுவிச்சை மட்டும் அணைப்பது போதாது. இடி தொடங்கிய பிறகு அந்தக் கேபிளைக் கையால் தொடவே கூடாது. பெட்டி போனால் போகட்டும். அன்ரனாக் குழாயின் அடியிலிருந்து தடித்த செப்புக் கம்பியொன்றை ஈரமண்ணில் அடித்த எர்த் கோலுக்கு இறக்குவதை, வயரிங் தெரிந்தவரைக்கொண்டு செய்விப்பது நல்லது.

கிரிக்கெட்டில் விக்கெட் விழுமுன் அடுத்த வீட்டில் கத்துகிறார்கள்

அவர்கள் அன்ரனாவில் பார்க்கிறார்கள். நீங்கள் கருவியில் பார்க்கிறீர்கள். இணையத்தில் வரும் நேரடிப் படம் துண்டுகளாக்கி, சேமித்து, பிறகே காட்டப்படுவதால் அரை நிமிடம் பிந்துவது சாதாரணம். எந்த அமைப்பை மாற்றியும் இதைத் தீர்க்க இயலாது. அந்த ஆட்டத்தை ஏதாவது ஓர் உள்ளூர் அலைவரிசை காட்டுமானால், ‘சோர்ஸ்’ பொத்தானை அழுத்தி அன்ரனாவுக்கு மாறுங்கள்.